வளர்ந்த ராயல் பாமை வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றுவது: வேர் வெட்டுவதிலிருந்து முட்டு கழற்றுவது வரை

அழகுக்காக வளர்க்கும் பனை வகை மரமான ராயல் பாமை, இரண்டு ஆள் உயரத்தில், தோண்டி எடுத்து இன்னோரிடத்தில் நடுவது ஒரு நாள் வேலைபோலத் தெரியும். அந்த ஒரு நாளுக்கு முன்னால் இரண்டு மாத வேலையும் பின்னால் ஓராண்டு வேலையும் இருக்கின்றன. புதிதாக இறங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான். மரம் லாரியில் வந்து நின்ற பிறகு குழி வெட்டத் தொடங்குவார்கள். நட்ட பிறகு தண்ணீர்க் குழாய்க்கு அலைவார்கள். இது தண்ணீர் விரும்பும் மரம்தானே என்று குழியைக் குளமாக்குவார்கள். நான் பார்த்தவரையில் தண்ணீர் போதாமல் செத்த மரங்களைவிடத் தேங்கிய தண்ணீரில் வேர் அழுகிச் செத்தவையே அதிகம்.

மெஜஸ்டி பாம், கமுகு போன்ற ஈரம் விரும்பும் மற்ற மரங்களுக்கும் இதே வரிசை பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும். இங்கே தரும் அளவுகள், மொத்த உயரம் 3 முதல் 4 மீட்டரும் அடித்தண்டின் விட்டம் சுமார் 40 செ.மீ. உம் உள்ள மரத்துக்கானவை.

1. மரத்தைத் தேர்ந்தெடுத்தல்: தண்டு தெரிய வேண்டும்

இளங்கன்று எளிதாகப் பிழைக்கும், முதிர்ந்த மரம் பிழைக்காது என்பது மா, வேம்பு போன்ற மரங்களில் பழகிய கணக்கு. இந்த இனத்தில் அது தலைகீழ். பாம் வகை மரங்களுக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. எல்லா வேர்களும் தண்டின் அடியில் உள்ள ஒரு வளையத்திலிருந்து சல்லிவேர்களாகவே கிளம்புகின்றன. கன்று முதலில் அடித்தண்டைப் பருமனாக்கிக்கொண்டு, பிறகுதான் உயரமாகத் தொடங்கும். அந்தப் பருவம் முடியும் முன், தரைக்கு மேல் தண்டே தெரியாத நிலையில், நிலத்திலிருந்து தோண்டி எடுத்தால் புது வேர் விடும் திறன் அதற்குக் குறைவு. அப்படிப்பட்ட கன்றைத் தொட்டியில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். நிலத்தில் வளர்ந்த மரம் என்றால் வெற்றுத்தண்டு குறைந்தது ஒரு மீட்டராவது வெளியே தெரிய வேண்டும்.

தண்டைச் சுற்றி நடந்து பாருங்கள். இந்த மரங்களின் தண்டில் விழுந்த காயம் ஆறாது. பட்டைக்கு அடியில் புதுத் திசு உருவாக்கும் அடுக்கு கிடையாது என்பதால், இன்று இருக்கும் ஆணித் துளை 20 ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும். தண்டில் துளையும் அதிலிருந்து வழிந்து காய்ந்த பழுப்பு நிறக் கறையும் தெரிந்தால் கூன்வண்டு புகுந்திருக்கலாம். அந்த மரம் வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2. இடம்: முதலில் அண்ணாந்து பாருங்கள்

ராயல் பாம் 20 மீட்டரைத் தாண்டும். ஒரு மட்டை 3 முதல் 4 மீட்டர் நீளம் வளரும், முற்றியதும் தானாகக் கழன்று விழும். அதன் எடை வீட்டுக்கூரை ஓடுகளை உடைக்கும், நிறுத்திய காரின் கூரையை நசுக்கும். மின்கம்பி, வீட்டின் ஓரக்கூரை, ஆட்கள் உட்காரும் இடம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளி நடுங்கள். இந்த மரத்தின் வேர் தடிக்காது, ஆகவே அது அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது மேலிருந்து விழும் மட்டைக்குத்தான்.

அடுத்து மண். குழி வெட்ட நினைக்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுதும் வடிந்த பின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் நல்லது. அதற்குக் குறைந்தால் உங்கள் குழி ஒரு வாளி. எவ்வளவு ஊற்றினாலும் அங்கேயே நிற்கும்.

இங்கேதான் பலரும் என்னோடு வாதாடுவார்கள். 'சதுப்பு நிலத்தில் வளரும் மரத்துக்கு வடிகால் எதற்கு?' சதுப்பில் நிற்கும் மரத்தின் வேர்கள் அந்த ஈரத்திலேயே பிறந்து, அதற்கேற்பக் காற்றறைகளோடு வளர்ந்தவை. நீங்கள் கொண்டுவரும் மரத்திடம் இருப்பவை மண்வெட்டியில் அறுபட்ட வேர்கள். அறுபட்ட முனைகள் காற்றில்லாத தண்ணீரில் ஊறினால் அழுகும். புது வேர் முளைக்கவும் காற்று வேண்டும். மரம் வேரூன்றிய பின் அதே இடத்தில் சில நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். முதல் ஆறு மாதம் மட்டும் அதற்குச் சதுப்பு வேண்டாம், ஓடும் ஈரம் போதும்.

வடியாத களிமண்ணாக இருந்தால் குழியை ஆழமாக்காதீர்கள். வேர்ப்பந்தின் (வேரும் அதோடு வெட்டி எடுத்த மண்ணும் சேர்ந்த உருண்டை) மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மேல் நிற்கும்படி நட்டு, சுற்றிலும் 3 மீட்டர் அகலத்துக்குச் சரிவாக மண் அணையுங்கள். தோட்டத்திலேயே தாழ்வான மூலையைத் தேடி நடுவதும் அதே தவறுதான்.

3. தண்ணீர் வந்து சேரும் வழி

குழிக்கு முன்னால் குழாய். நடும் இடத்தில் 1.5 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டப்பாத்தி கட்டி 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 175 லிட்டர் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் அவ்வளவும் வேண்டியிருக்கும். குடத்தில் சுமந்து ஊற்றுவதாக உறுதி எடுத்தவர்கள் நான்காம் நாள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நடும் இடம் வரை எட்டும் ஹோஸ் குழாயும், ஊரில் இல்லாத நாளில் ஊற்ற ஓர் ஆளும் ஏற்பாடான பிறகே அடுத்த வேலை.

4. காலம்

மண் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் இந்த மரம் வேர் விடும். மண்ணின் வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேர் வளர்ச்சி மந்தமாகிவிடும். ஆகவே குளிர் விலகி வெப்பம் ஏறும் பருவம், அல்லது மழைக்காலத்தின் தொடக்கம் ஏற்றது. மழை கொட்டும் நடுப்பகுதி ஏற்றதல்ல. குழியில் தண்ணீர் நிற்கும், கனத்த வண்டி சேற்றில் புதையும்.

5. முன்கூட்டியே வேர் வெட்டுதல்

அறுபட்ட வேர் என்ன ஆகும் என்பது இனத்துக்கு இனம் மாறும். தென்னையில் அறுபட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி, எவ்வளவு குட்டையாக வெட்டியிருந்தாலும், பிழைத்துக் கிளைவிடும். ராயல் பாமில் அப்படியில்லை. தண்டோடு ஒட்டி நிற்கும் வேர்த்துண்டு நீளமாக இருந்தால்தான் பிழைக்கும். குட்டையாக வெட்டியவை ஏறக்குறைய எல்லாமே செத்துப்போகும். தென்னையை எடுத்து நட்டுப் பழகியவர் இந்த மரத்தைக் கையாளும்போது சறுக்குவது இதனால்தான். தென்னைக்குப் போதுமான வேர்ப்பந்து இதற்குப் போதாது.

ஆகவே தண்டின் விளிம்பிலிருந்து 35 செ.மீ. தள்ளி ஒரு வட்டம் போடுங்கள். தோண்டும் நாளுக்கு 6 முதல் 8 வாரம் முன்பு, அந்த வட்டத்தின் பாதியை மட்டும், கூரிய மண்வெட்டியால் 60 செ.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டிவிடுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு துண்டுகள் வெட்டினால் மரம் எல்லாப் பக்கமும் பிடிப்போடு நிற்கும். வெட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளி மூடி, அங்கே ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியில் தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பும். கொண்டுபோகும் மண்ணுக்குள் அவை இருக்கும் என்பதே இந்த வேலையின் பயன்.

இந்தப் படியைத் தவிர்த்தும் மரம் பிழைக்கலாம். ஆனால் அவசரமில்லாத இடத்தில் இதைத் தவிர்ப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

6. குழி: மரம் வரும் முன் தயாராக

முதல் முறை நான் செய்த தவறு இது. மரம் மாலையில் வந்தது. ஆட்கள் குழி வெட்ட இறங்கி அரை மணி நேரத்தில் ஒரு பழைய கழிவுநீர்க் குழாய் தட்டுப்பட்டது. இடத்தை மாற்றி, மறுபடி வெட்டி முடிக்க இரண்டு நாளாகிவிட்டது. அதுவரை வேர்ப்பந்து வெயிலில் கிடந்தது. சாக்கை விலக்கியபோது, முந்தின நாள் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்த வேர்நுனிகள் பழுப்பேறித் தொட்டால் முறிந்தன. மரம் பிழைத்தது, ஆனால் ஓராண்டு அப்படியே நின்றது. குழி எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். மரம் காத்திருக்காது.

வேர்ப்பந்தின் அகலம் 1.2 மீட்டர் என்றால் குழி 2 மீட்டர் அகலம் இருக்கட்டும். சுற்றிலும் 40 செ.மீ. இடம் இருந்தால்தான் மண்ணை இடுக்கில்லாமல் இறக்க முடியும், புது வேரும் இளகிய மண்ணில் இறங்கும்.

ஆழத்தில் ஒரு சிக்கனம் தேவை. திட்டமிட்ட ஆழத்தில் கடைசி 10 செ.மீ. வெட்டாமல் விட்டுவிடுங்கள். மரம் வந்ததும் வேர்ப்பந்தின் உண்மையான உயரத்தை அளந்து, அதற்கேற்ப அடியைச் சீவிக்கொள்ளலாம். அதிகமாக வெட்டிவிட்டுப் பிறகு மண்ணைப் போட்டு உயர்த்தினால், ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள பந்து அந்த இளகிய மண்ணை அமுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மாதத்தில் மரம் சாயும் அல்லது புதையும்.

குழியின் பக்கச்சுவர் மழமழவென்று தேய்ந்திருந்தால் கடப்பாரையால் கீறிவிடுங்கள். களிமண்ணில் மண்வெட்டி மெழுகியது போன்ற பரப்பை விட்டுச்செல்லும். வேர் அதில் முட்டித் திரும்பிவிடும்.

அடியில் தொழுஉரம் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். மட்கும்போது சூடாகும், மட்கி முடிந்ததும் அளவு குறைந்து மரத்தை இறக்கும், ஈரத்தில் காற்றை உறிஞ்சி அழுகலுக்கு வழிவிடும். வேர் இல்லாத மரத்துக்கு அந்த உரத்தால் பயனும் இல்லை.

7. தோண்டுவதற்கு முந்தின நாள்: நீரும் ஓலையும்

முந்தின நாள் மாலை வேர்ப்பகுதிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும், உலர்ந்த மண் உதிர்ந்து வேரை வெறுமையாக்கும். மணற்பாங்கான நிலத்தில் இது இன்னும் முக்கியம்.

பிறகு மட்டைகளைக் கழியுங்கள். வேர் பாதியாகக் குறையும்போது நீரை ஆவியாக்கும் ஓலையும் குறைய வேண்டும். கீழ்வரிசையிலிருந்து தொடங்கி மொத்த மட்டைகளில் பாதியை எடுத்துவிடலாம். மேலே நிமிர்ந்து நிற்பவற்றையும் நடுக்குருத்தையும் தொடவே கூடாது. இந்த மரத்துக்கு ஒரே ஒரு வளர்முனைதான், அது குருத்தின் அடியில் இருக்கிறது. அது போனால் மரம் போயிற்று. பக்கக்கிளை விட்டுப் பிழைப்பதெல்லாம் இதில் இல்லை.

வெட்டும் இடத்தைக் கவனியுங்கள். ராயல் பாமின் தண்டுக்கு மேலே வழவழப்பான பச்சைக் குழல் ஒன்று தெரியும். அது தண்டன்று. மட்டைகளின் அடிப்பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிய உறை. மட்டையை அந்த உறைக்கு வெளியே, காம்பில் வெட்டுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று பச்சை உறையை உரித்தெடுப்பவர்கள், உள்ளே இருக்கும் இளம் திசுவை வெயிலுக்கும் வண்டுக்கும் திறந்துகொடுக்கிறார்கள். நேரம் வந்ததும் உறை தானே கழலும்.

மீதமுள்ள மட்டைகளை மேல்நோக்கிச் சேர்த்து, சணல் கயிற்றால் இரண்டு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். இது பயணத்தில் மட்டைகள் முறியாமல் இருப்பதற்கு. இறுக்கிக் கட்டினால் குருத்து நசுங்கும்.

8. தோண்டி எடுத்தல்

முதலில் மரத்தைக் கட்டிப்போடுங்கள். சுற்றுவேர் முழுதும் அறுபட்ட பிறகு மரம் எந்தப் பக்கமும் சாயலாம். மூன்று பக்கம் கயிறு இழுத்துக் கட்டியோ கிரேன் பெல்ட்டைப் பூட்டியோ வைத்துவிட்டுத்தான் அடிவேரை அறுக்க வேண்டும். இந்த வரிசை தவறும்போது ஆளுக்கு ஆபத்து.

முன்பு வெட்டிய கோட்டிலிருந்து 5 செ.மீ. வெளியே தள்ளி வட்டமாக அகழி எடுங்கள். அதே கோட்டில் வெட்டினால் எட்டு வாரமாகப் பாடுபட்டு வளர்த்த புது வேர்நுனிகளை நீங்களே அறுத்துவிடுவீர்கள். ஆழம் 75 செ.மீ. வேர்களைக் கூரிய கருவியால் வெட்டுங்கள். மண் அள்ளும் இயந்திரத்தின் வாளியால் பிடுங்கினால் வேர் அடிவரை நார்நாராகக் கிழியும், மண்ணும் பிளந்துவிடும். இயந்திரம் அகழியின் வெளிப்பக்க மண்ணை அள்ளுவதோடு நிற்கட்டும்.

பக்கங்கள் முடிந்ததும் நனைத்த கோணிச்சாக்கை வேர்ப்பந்தில் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்டுங்கள். அதன் பிறகு அடிப்பகுதியை உள்நோக்கிச் சரிவாக அறுத்து விடுவியுங்கள்.

9. தூக்குதலும் பயணமும்

'நாலு பேர் பிடித்தால் வந்துவிடும்' என்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் அகலமும் 75 செ.மீ. ஆழமும் உள்ள வேர்ப்பந்தின் கன அளவு சுமார் 0.85 கன மீட்டர். ஈரமண்ணின் எடையைச் சேர்த்தால் 1.4 முதல் 1.5 டன். மரத்தின் எடை இதற்கு மேல். 2 டன்னுக்குக் குறையாமல் கணக்கிட்டுக் கிரேன் பேசுங்கள். கிரேன் கையை நீட்ட நீட்ட அது தூக்கும் எடை குறையும். எனவே கிரேன் நிற்கும் இடத்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை முன்கூட்டியே அளந்து சொல்லுங்கள். வாசலின் அகலத்தையும் மறக்க வேண்டாம்.

தண்டில் இரும்புச் சங்கிலியோ கம்பி வடமோ படக் கூடாது. ஆறாத காயம் என்று முன்பே சொன்னேன். சாக்கை நான்கைந்து சுற்று சுற்றி, அதன்மேல் அகன்ற நைலான் பெல்ட் போட வேண்டும். எடையின் பெரும்பகுதியை வேர்ப்பந்தின் அடியில் செல்லும் பெல்ட் தாங்கட்டும், தண்டுப் பெல்ட் மரத்தை நிமிர்த்திப் பிடிக்க மட்டும். பச்சை உறையில் ஒருபோதும் பெல்ட் போடாதீர்கள். அங்கே கட்டித் தூக்கிய ஒரு மரத்தைப் பார்த்தேன். வெளியே கீறல்கூட இல்லை. ஆறு வாரத்தில் நடுக்குருத்து பழுத்துக் கையோடு வந்துவிட்டது.

தண்டு மெலிந்த கமுகு போன்ற மரங்களில் ஒரு நீளப் பலகையைத் தண்டோடு சேர்த்துக் கொண்டைவரை கட்டுங்கள். கிடத்தும்போது கொண்டையின் கனத்தில் கழுத்து முறியாமல் இருக்கும்.

லாரியில் வேர்ப்பந்து ஓட்டுநர் பக்கமும் கொண்டை பின்பக்கமும் இருக்க வேண்டும். அப்போதுதான் எதிர்காற்று ஓலையை அதன் போக்கிலேயே தடவிச் செல்லும். ஓலையின்மேல் ஈரத் துணியோ வலையோ போர்த்துங்கள். காற்றில் காய்வதே பயணத்தின் பெரிய சேதம். தொங்கும் மரத்தின் கீழ் யாரும் நிற்கக் கூடாது. மரத்தைத் திருப்பவும் கயிறு கட்டித் தள்ளி நின்றே இழுக்க வேண்டும்.

10. நடுதல்

குழியின் குறுக்கே ஒரு நேரான கழியை வைத்து, அதிலிருந்து அடிவரை அளந்து, வேர்ப்பந்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். வேர்ப்பந்தின் மேற்பரப்பு தரைமட்டத்தைவிட 2 முதல் 3 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும், பின்னால் சிறிது இறங்கும்.

ஆழமாகப் புதைப்பதுதான் புதியவர்கள் தெரிந்தே செய்யும் தவறு. காற்றில் விழாமல் நிற்கட்டும் என்று அரை மீட்டர் புதைத்துவிடுவார்கள். புது வேர்கள் கிளம்பும் வளையம் காற்றில்லாத ஆழத்துக்குப் போய்விடும். மாங்கனீசு, இரும்புச் சத்துகளை மரத்தால் எடுக்க முடியாமல், புது ஓலை வெளிறியும் சுருண்டும் வரும். சில மரங்கள் ஓரிரு ஆண்டு பச்சையாகவே நின்று பிறகு சாகும், அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. மரத்தை நிறுத்துவது முட்டின் வேலை, அதை ஆழத்திடம் ஒப்படைக்காதீர்கள்.

மண் தள்ளும் முன் ஒரு சிறு வேலை. கைவிரல் நுழையும் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயில் பக்கங்களில் துளைகள் போட்டு, வேர்ப்பந்துக்கும் குழிச் சுவருக்கும் இடையே அடிவரை செங்குத்தாக நிறுத்துங்கள். மேல்முனை தரைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இதன் பயன் 12ஆம் பகுதியில் வரும்.

சாக்கையும் கயிற்றையும் அறுத்து எடுத்துவிட்டு, குழியிலிருந்து எடுத்த அதே மண்ணை நிரப்புங்கள். வேறு வளமான மண்ணைக் கொட்டினால் இரண்டு மண்ணும் சேரும் இடத்தில் தண்ணீர் தயங்கி நிற்கும். 20 செ.மீ. போட்டதும் தண்ணீர் விட்டுக் கழியால் குத்துங்கள், பிறகு அடுத்த 20 செ.மீ. நீர்க்குமிழி வந்து நிற்கும் இடமெல்லாம் காற்றறை இருந்த இடம். காலால் மிதித்து இறுக்கினால் மேலே கெட்டியாகும், அடியில் பொந்து அப்படியே இருக்கும்.

11. முட்டு கொடுத்தல்

தண்டில், உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவில், சாக்கை ஐந்து சுற்று சுற்றுங்கள். அதன்மேல் ஒரு அடி நீளமுள்ள நான்கு மரக்கட்டைகளைச் சுற்றிலும் வைத்து இரும்புப் பட்டையால் இறுக்குங்கள். சாய்வு முட்டுக்கழிகளை அந்தக் கட்டைகளில் ஆணியடித்துப் பொருத்த வேண்டும். ஆணி கட்டையைத் துளைத்துத் தண்டில் இறங்கக் கூடாது, நீளம் பார்த்து வாங்குங்கள். கழிகளின் கீழ்முனையில் முளை அடித்து நிலைநிறுத்துங்கள். ஈரமண்ணில் வெறுமனே ஊன்றிய கழி வழுக்கிவிடும்.

வேர்ப்பந்து அசைந்தால், மண்ணுக்குள் அப்போதுதான் நுழைந்த புது வேர்நுனிகள் நாள்தோறும் அறுபடும். வெளியே எதுவும் தெரியாது. மரம் ஏன் தேறவில்லை என்று உரத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

முட்டு முடிந்ததும் ஓலைக்கட்டை அவிழ்த்துவிடுங்கள். கட்டியே வைத்தால் நடுவில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

12. முதல் ஆறு மாதத் தண்ணீர்

வட்டப்பாத்தியின் கரை வேர்ப்பந்தின் விளிம்பைச் சற்றே தாண்டி இருந்தால் போதும். பாத்தியை அகலமாகக் கட்டுகிறவர்கள், வேரே இல்லாத மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் நாள்தோறும், அடுத்த ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இரண்டு முறை என்பது தொடக்கக் கணக்கு. இதை அப்படியே பின்பற்றுவதைவிட, நீங்கள் நிறுத்திய குழாய்க்குள் ஓர் உலர்ந்த மூங்கில் குச்சியை விட்டுப் பாருங்கள். காலையில் ஊற்றும் முன் குச்சியை எடுத்தால் நுனி மட்டும் கருத்து ஈரமாக இருக்க வேண்டும். ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து வந்தால் அடியில் தண்ணீர் நிற்கிறது, அன்று ஊற்ற வேண்டாம். குச்சியை மோந்தும் பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது. பாத்தியின் கரையை உடைத்துவிட்டு, நாற்றம் அடங்கும்வரை நீரை நிறுத்துங்கள். குச்சி முழுதும் உலர்ந்து வந்தால் ஊற்றுவது அடிவரை போகவில்லை. அவசரமாக ஊற்றாமல், ஹோஸை மெல்லத் திறந்து நெடுநேரம் விடுங்கள்.

மேல்மண்ணில் காய்ந்த இலைதழையால் 7 முதல் 10 செ.மீ. மூடாக்குப் போடலாம். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். மூடாக்கு தண்டைத் தொட்டால் அடித்தண்டு எப்போதும் நனைந்தே கிடக்கும்.

13. உரமும் பூச்சியும்

புது ஓலை ஒன்று முழுதாக விரியும்வரை உரம் வேண்டாம். மூன்று நான்கு மாதம் ஆகலாம். வேர் இல்லாத மண்ணில் போடும் உரம் உப்பாகத் தங்கி, முளைக்கும் வேர்நுனியைச் சுடும். பிறகு மெதுவாகக் கரையும் வகையில், சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமாகவும் மக்னீசியம், மாங்கனீசு ஆகியவை சேர்ந்ததாகவும் உள்ள உரத்தைப் பாத்தி முழுதும் தூவுங்கள். தண்டருகே குவிக்காதீர்கள். கீழ் ஓலைகள் மஞ்சளாகிப் புள்ளி விழுந்தால் சாம்பல்சத்துக் குறைவு. அவற்றை அழகுக்காக வெட்ட வேண்டாம். மரம் அந்தப் பழைய ஓலையிலிருந்துதான் சாம்பல்சத்தை உறிஞ்சிப் புது ஓலைக்கு அனுப்புகிறது. வெட்டினால் மஞ்சள் அடுத்த வரிசைக்கு ஏறும்.

புதிதாக வெட்டிய காம்பின் வாடைக்குக் கூன்வண்டு வரும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும், விரியும் ஓலையில் கத்தரித்தது போன்ற முக்கோண வெட்டுகள் தெரிந்தால் அதன் வேலை. அருகில் மட்கும் சாணக் குவியல் இருந்தால் அகற்றுங்கள், அதன் புழுக்கள் அங்கேதான் வளர்கின்றன.

14. குருத்தைப் பார்த்து மரத்தை அறிதல்

கீழ் ஓலைகள் காய்வதைக் கண்டு பதற வேண்டாம். நட்ட மரத்தில் அது இயல்பு. பார்க்க வேண்டியது நடுக்குருத்தை மட்டும். ஏணியில் ஏறி, குருத்தின்மீதும் அதை ஒட்டிய மட்டைக்காம்பின்மீதும் ஒரே மட்டத்தில் அழியாத மையால் ஒரு கோடு போடுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். குருத்துக் கோடு மேலே நகர்ந்தால் வளர்முனை உயிரோடு இருக்கிறது.

ஆனால் முதல் குருத்து நீண்டதும் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். அந்த ஓலை மாற்றி நடும் முன்பே உள்ளே உருவாகியிருந்தது. தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டே, வேர் இல்லாமலும் அது வெளியே வரும். இரண்டாம், மூன்றாம் ஓலைகளும் வந்து, முன்னதைவிடச் சிறுத்துப்போகாமல் இருந்தால்தான் வேர் பிடித்ததாகக் கொள்ளலாம்.

கோடு ஆறேழு வாரம் நகராவிட்டால் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் இருந்தால் காத்திருங்கள், மரம் வேரில் வேலை செய்துகொண்டிருக்கலாம். கையோடு வந்து அடிமுனை கொழகொழவென்று நாறினால் குருத்தழுகல். அழுகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியின் கரைசலைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் கலந்து குருத்துக் குழிக்குள் ஊற்றுங்கள். அழுகல் வளர்முனையைத் தொடாதிருந்தால் சில மாதத்தில் கோணலான ஓர் ஓலை வெளிவரும், அடுத்தடுத்தவை நேராகும். தொட்டிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

15. முட்டுக்கழிகளைக் கழற்றுதல்

எட்டு மாதத்துக்கு முன் கழற்றும் பேச்சே வேண்டாம், பலத்த காற்று வீசும் பருவம் எதிரே இருந்தால் அதையும் கடத்திவிடுங்கள். அதன் பிறகு, மண் ஈரமாக இருக்கும் ஒரு நாளில் ஒரு முட்டுக்கழியை மட்டும் தளர்த்தி, தண்டில் தோள் கொடுத்துத் தள்ளுங்கள். இன்னொருவர் அடித்தண்டைக் குனிந்து பார்க்கட்டும். தண்டோடு சேர்ந்து மண் மேலெழும்பினாலோ, தண்டைச் சுற்றி மயிரிழைபோல வளைய விரிசல் விழுந்தாலோ, கழியை மறுபடி இறுக்கிவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள். தண்டு மேலே லேசாக வளைந்து கொடுத்து, அடிமண் அசையாமல் கிடந்தால் கழிகளை வாரத்துக்கு ஒன்றாக எடுக்கலாம். காற்று வழக்கமாகத் தள்ளும் திசையில் மரத்தைத் தாங்கி நிற்கும் கழியைக் கடைசியாக எடுங்கள். இரும்புப் பட்டையையும் சாக்கையும் அன்றே அவிழ்த்துவிடுங்கள். அதன் அடியில் ஈரத்தில் ஒளிந்திருக்கும் எறும்பும் பூஞ்சையும் அப்போதுதான் கண்ணில் படும்.